காலண்டர் தாளின் பின்பக்கம்

மற்ற இடங்களில் தேதி காலையில் கிழியும். அந்த அறையில் மாலை ஐந்தே முக்காலுக்குத்தான் கிழியும். சாகிரா தோள்பையை மாட்டிக்கொண்ட பிறகு, செருப்பைத் தேடுவதற்கு முன்னால், சுவரில் தொங்கும் தினசரி காலண்டருக்கு எதிரே போய் நிற்பாள். இடது கட்டைவிரலால் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் அன்றைய தாளை ஓரத்திலிருந்து மெல்ல உரிப்பாள். கம்பியில் ஒரு துணுக்கு தங்கினாலும் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவாள். பிறகு தாளைக் கவிழ்த்துப் போட்டு, அச்சில்லாத பின்பக்கத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை வரிசையாக எண் போடுவாள். ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக நான்கு அளவுகள்: முந்தின ராத்திரி ஒன்பது மணி, இன்று காலை பத்து, மதியம் இரண்டு, மாலை ஐந்து. எந்த மெஷின் எந்த நேரத்தில் யாருக்காக எவ்வளவு உழைத்தது என்ற கணக்கு. எழுதிய தாளைக் கறுப்பு கிளிப்பில் கோத்துவிட்டு, "வரேண்ணே" என்பாள்.

அந்த அண்ணன் கண்ணையன். ஐம்பத்தோரு வயது. அரியலூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். சிமெண்ட் ஆலை ஒன்றில் பதினெட்டு வருஷம் ஒப்பந்த எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, தூசி மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் இங்கே வந்தவர். ஜெனரேட்டர், பேட்டரி, ஏசி மூன்றும் அவர் பொறுப்பு. மற்றதெல்லாம் சாகிரா பொறுப்பு.

பெரம்பலூரில் துறையூர் சாலையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்த அறை. இரண்டு இரும்பு அலமாரிகளில் பன்னிரண்டு சர்வர்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய முத்தமிழ்செல்வன் ஆரம்பித்த தொழில். சொந்தமாக சர்வர் வாங்கி வைத்துக் காபந்து பண்ண முடியாதவர்கள் இங்கே இடம் எடுத்திருந்தார்கள்: சில பள்ளிக்கூடங்கள், ஒரு சர்க்கரை ஆலையின் கரும்பு எடைப் பிரிவு, அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப், லப்பைக்குடிக்காட்டில் ஜவுளி, மளிகை, டிராவல்ஸ் என்று ஒன்பது கடைகள். இதற்குப் பெயர் கிளவுட், மேகம் என்று கண்ணையனிடம் சொல்லியிருந்தார்கள். மேகம் இவ்வளவு சூடாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் சாகிராதான் அவருக்கு விளக்கினாள்.

"ஒரு மெஷினுக்குள்ள ஒரே கம்ப்யூட்டருன்னு நெனைக்காதீங்கண்ணே. அஞ்சாறு இருக்கும். கையால தொட முடியாது, ஆனா தனித்தனிக் கம்ப்யூட்டரு. வி.எம்.னு சொல்லுவோம்."

"லைன் வூடு மாதிரியா? ஒரே கூரை, ஆறு குடித்தனம்?"

"அதேதான்."

"அப்ப கரண்டு போச்சுன்னா ஆறு குடித்தனமும் என்னையத்தான் திட்டும்."

"உங்களுக்குப் பழக்கந்தானண்ணே."

அன்றிலிருந்து அவர்களுக்குள் மெஷின் என்றால் வூடு, வி.எம். என்றால் குடித்தனம்.

சாகிராவுக்கு முப்பத்திரண்டு வயது. ஊர் லப்பைக்குடிக்காடு. பெரம்பலூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்தவள். முடித்த வருஷமே கல்யாணம். கணவன் ஆகிப் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வந்து போவான். மகள் மர்வா இரண்டாம் வகுப்பு. சாகிராவின் அம்மா மர்ஜியா பேத்தியைப் பார்த்துக்கொள்வதால் அவள் ஏழே நாற்பது பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இங்கே போன் எடுத்துப் பேசும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். சர்வர் பார்த்துக்கொண்டிருந்த பையன் பெங்களூரில் வேலை கிடைத்துச் சொல்லாமல் போய்விட்டான். அடுத்த ஆள் கிடைக்கும் வரை என்று முத்தமிழ்செல்வன் சாவியை அவளிடம் கொடுத்தார். அடுத்த ஆள் தேடப்படவே இல்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் பாடம் பார்த்தே கற்றுக்கொண்டாள். முக்கியமான எதையும் அழுத்துவதற்கு முன்னால் வாய்க்குள் பிஸ்மில்லாஹ் என்பாள். கண்ணையன் ஜெனரேட்டரைத் தட்டிவிடுவதற்கு முன்னால் அதன் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இரண்டையும் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

மாசி பிறந்த வாரத்தில் முத்தமிழ்செல்வன் மாடியேறி வந்தார். உட்காரவில்லை. ஏசிக்குக் கீழே போய் நின்று கையை உயர்த்திக் காற்றைப் பார்த்தார்.

"கண்ணையண்ணே, போன வருஷம் கத்திரி வெயில்ல மூணு மெஷினு சூட்டுல தானா அணைஞ்சுச்சே, ஞாபகம் இருக்கா?"

"மறப்பனா சார்? விசிறி மட்டை வாங்கியாந்து வீசாததுதான் பாக்கி."

"இந்த வருஷம் அது ஆவக் கூடாது. இன்னொரு ஏசி போட இந்தக் கட்டடத்துல லோடு கெடையாது. சூட்டைக் கொறைக்கணும்னா மெஷினைத்தான் கொறைக்கணும். பன்னெண்டுல அஞ்சு நிக்கணும். இல்லேன்னா சித்திரை ஒண்ணாந்தேதியோட ரூமை மூடிட்டு எல்லா கஸ்டமரையும் மும்பைக் கம்பெனி ஒண்ணுக்கு ஏத்தி வுட்டுடுறேன். எனக்கும் தூக்கம் வரணும்ல." பிறகு சாகிராவைப் பார்த்தார். "மெஷினுதான் நிக்கணும். குடியிருக்கிற ஒருத்தனும் நிக்கக் கூடாது. முடியுமா?"

"முடியும் சார்."

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்த பிறகு கண்ணையன் கேட்டார். "ஏம்மா, ஒரு நாளு டயம் கேட்டிருக்கலாம்ல? யோசிக்காம சொல்லிட்ட."

"யோசிச்சா மட்டும் வேற பதிலு வருமாண்ணே? ரூமை மூடுனா நீங்க எங்கனாச்சும் ஒயரிங்குக்குப் போயிடுவீங்க. நான் வூட்டுலதான். எங்க ஊருலேருந்து காலைல பஸ்ஸேறி ராத்திரித் தொழுகைக்குள்ள திரும்புற தூரத்துல இந்த வேலை வேற எங்க இருக்கு?"

கண்ணையன் ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்குப் பின்னால் போனார். பன்னிரண்டு மெஷினையும் ஒவ்வொன்றாக அளந்தார். வேலை அதிகமுள்ள மூன்றாம் மெஷின் இழுக்கும் கரண்டில், வேலையே இல்லாமல் கிடந்த ஏழாம் மெஷின் பாதிக்கு மேல் இழுத்தது. இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சும்மா உக்காந்திருக்கவனும் பாதிச் சோறு தின்னுறாம்மா."

"அதுதாண்ணே விஷயம். பாதி வூடு காலியாவே எரிஞ்சுக்கிட்டிருக்கு. குடித்தனத்தையெல்லாம் ஏழு வூட்டுக்குள்ள நெருக்கி வச்சுட்டா மிச்சம் அஞ்ச பூட்டிடலாம். யார யாரோட வைக்கிறதுன்னுதான் பாக்கணும். பகல்ல வேலை செய்யிற ஒண்ணையும் ராத்திரி வேலை செய்யிற ஒண்ணையும் ஒரே வூட்டுல வச்சா சண்டை வராது."

யார் பகல், யார் ராத்திரி என்று பார்க்கத்தான் காலண்டர் தாள்கள் இருந்தன. கம்ப்யூட்டரிலேயே வரைபடம் வரும். ஆனால் அவளுக்குத் தாளைத் தரையில் பரப்பி, நின்று பார்த்தால்தான் பிடிபடும். பழைய தாள்கள் இரண்டு வருஷத்துக்குக் கட்டுக்கட்டாக இருந்தன. இந்த வருஷம் மூன்று கடைகள் புதிதாகச் சேர்ந்திருந்ததால் பழையது உதவாது என்று தள்ளிவிட்டாள். அடுத்த வாரம் வியாழக்கிழமையிலிருந்து புதிதாகச் சேர்க்க ஆரம்பித்தாள்.

அந்த வாரம் நோம்பு தொடங்கியது. நோம்பு மாதத்தில் கண்ணையன் அவள் முன்னால் டீ குடிக்க மாட்டார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார். முதல் வருஷமே அவள் சொல்லியிருந்தாள். "இங்கனயே குடிங்கண்ணே. நீங்க குடிச்சா எனக்கா தாகம் எடுக்கும்?" அவர் கேட்கவில்லை.

ஞாயிறுகள் போக இருபத்தோரு தாள் சேர்ந்தபோது ஒரு திங்கட்கிழமை அவற்றைத் தரையில் பரப்பினாள். கண்ணையனும் பக்கத்தில் குந்திப் பார்த்தார். எண்கள் அவருக்கும் ஓரளவு புரிந்தன. பள்ளிக்கூடங்களும் லேப்பும் காலை ஒன்பதரைக்கு மேலே எகிறின. லப்பைக்குடிக்காட்டுக் கடைகள் ஒன்பதும் பகலில் அசையவே இல்லை. ராத்திரி ஒன்பதுக்குத்தான் அவற்றின் எண்கள் தலை தூக்கின.

"கடையெல்லாம் பகல்ல தூங்குதே."

"இருபத்தோரு நாளும் ஒரே மாதிரிண்ணே. ஒரு நாளு கூடப் பிசகல. இந்த ஒம்போதையும் லேப்போடயும் ரெண்டு பள்ளிக்கூடத்தோடயும் நாலாம் நம்பர்ல வச்சுடலாம். அவங்க எறங்கும்போது இவங்க ஏறுவாங்க."

"பஸ்ஸு சீட்டு மாதிரி."

"துண்டு போடாமலே."

இடம் மாற்றும் வேலையை அவள் மதியம் மூன்று மணிக்குத் தொடங்கியது கண்ணையனுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த மாதிரி வேலையெல்லாம் ஊர் உறங்கிய பிறகு செய்வது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"ஓடும்போதே மாத்தத்தானண்ணே இதைக் கண்டுபுடிச்சிருக்காங்க. அடுப்புல ஒலை கொதிச்சபடியே வூடு மாத்துறது."

திரையைக் காட்டிச் சொன்னாள். குடித்தனம் நினைவில் வைத்திருப்பதையெல்லாம் முதலில் புது வீட்டுக்கு நகல் எடுக்கும். நகல் எடுத்து முடிப்பதற்குள் பழைய வீட்டில் வேலை நடந்துகொண்டே இருப்பதால் சில மாறியிருக்கும். மாறியதை மட்டும் மறுபடி நகல் எடுக்கும். மறுபடி சில மாறும், முன்னைவிடக் கொஞ்சமாக. மிச்சம் ஒரு கைப்பிடி ஆனதும் கண்ணிமைக்கும் நேரம் மூச்சை நிறுத்தி, அந்தக் கைப்பிடியையும் எடுத்துக்கொண்டு புது வீட்டில் கண் விழிக்கும். முதலில் நகர்ந்தது ஒரு பள்ளிக்கூடத்துக் குடித்தனம். அந்த நேரத்தில் அங்கே ஒரு கிளார்க் மாற்றுச் சான்றிதழ் அடித்துக்கொண்டிருந்தார். பெயரின் முதல் பாதியை ஏழாம் மெஷினிலும் மறுபாதியை இரண்டாம் மெஷினிலும் அடித்தார். அவருக்குத் தெரியாது.

நான்கு நாளில் இருபத்தெட்டு குடித்தனம் மாறியது. வியாழக்கிழமை மாலை கண்ணையன் ஐந்து மெஷின்களின் சுவிட்சையும் அணைத்தார். ஒயர்களைக் கழற்றி, சுருட்டி, பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டினார். நேர்த்தியான கட்டு. அறையின் சூடு இருபத்தேழிலிருந்து இருபத்துநாலுக்கு இறங்கியது. முத்தமிழ்செல்வன் போனில், "அடுத்த ஒரு மாசம் இப்படியே நிக்கட்டும், அப்பறம் மும்பையை மறந்துடலாம்" என்றார். சாகிரா அன்றைய தாளில் பன்னிரண்டு எண்களுக்குப் பதில் ஏழு எண்கள் போட்டாள்.

சனிக்கிழமை பெருநாள். திங்கட்கிழமை ஒரு டப்பா நிறையப் பலகாரத்தோடு வந்தாள். கண்ணையன் மொட்டை மாடிக்குப் போகாமல் அறை வாசலிலேயே நின்று டீ குடித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அப்படிக் குடிப்பது அவருக்கு நன்றாக இருந்தது.

புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு போன் அடித்தது. அரியலூர் லேப்பின் சிந்தாமணி. பன்னிரண்டு வருஷமாக லேப் நடத்துகிறவர். போனைக் காதிலிருந்து அரையடி தள்ளி வைத்தாலும் அவர் பேசுவது கேட்கும்.

"சாகிரா, என்னா நடக்குது அங்க? பேரு அடிச்சா வட்டம் சுத்துது. சுத்துது சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. லேபிளு வராம நான் எப்புடி ரத்தம் எடுக்கிறது? பதினோரு பேரு வெறும் வயித்துல உக்காந்திருக்காங்க. செந்துறையிலேருந்து மொத பஸ்ஸுல வந்த பெரியவரு, 'நீ எடுக்கிறதுக்குள்ள எனக்கு இருக்கிற ரத்தமே வத்திப்புடும்'ங்கிறாரு."

"ஒரு அஞ்சு நிமிஷம்க்கா, பாத்துச் சொல்றேன்."

"பாத்துச் சொல்லு. ஆனா சொல்லிப்புட்டேன், இது இன்னிக்கே நேராவலேன்னா முத்தமிழுகிட்டப் பேசிட்டு நான் கெளம்பிடுவேன். உங்க ரூமும் வேணாம், உங்க மேகமும் வேணாம்."

லேப் போனால் மற்றவர்களும் கேள்விப்படுவார்கள். ஏழு மெஷினில் தாக்குப்பிடிக்கவில்லை என்றாகிவிடும். சித்திரை வரைகூட முத்தமிழ்செல்வன் காத்திருக்க மாட்டார். இதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாலாம் மெஷினின் கோடு திரையின் மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. சாகிரா அந்த வீட்டின் குடித்தனங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். லேப் விழித்திருந்தது. பள்ளிக்கூடங்கள் விழித்திருந்தன. ஒன்பது கடைகளும் விழித்திருந்தன. பெருநாள் விடுமுறை முடிந்து அன்றுதான் கடைகள் திறந்திருந்தன. காலை ஒன்பதரைக்கே திறந்திருந்தன. அவள் கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள்.

"ஒம்போதாம் நம்பரப் போடுங்கண்ணே."

கண்ணையன் ஓடினார். ஒயர்கட்டின் டேக்கை வெட்டக் கத்தரி கிடைக்கவில்லை. பல்லால் இழுத்துப் பார்த்தார். தன் கட்டைத் தானே திட்டிக்கொண்டு ஜெனரேட்டர் அறைக்குப் போய்க் கட்டிங் பிளையரை எடுத்து வந்தார். இரண்டு நிமிஷம் போனது. மெஷின் எழுந்து நிற்க இன்னும் எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல் கீழே போய் இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றை அவள் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடை ஒம்போதுல எல்லாரும் பில்லு போட்டுக்கிட்டிருக்காங்க. ஒம்போது தடவை நகத்தணும். லேப்பு ஒண்ணுதான், ஆனா பெருசு. அத எடுத்துட்டா மிச்சமெல்லாம் மூச்சு வுடும்" என்றாள் தனக்குத்தானே. பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்தினாள்.

திரையில் மிச்சம் எவ்வளவு என்ற எண் இறங்கியது. மூவாயிரம். ஆயிரம். நானூறு. பிறகு எழுநூறு ஆனது. மறுபடி முந்நூறு. மறுபடி தொள்ளாயிரம். ஊற்றுக் கிணற்றில் இறைப்பதுபோல இறைக்க இறைக்க ஊறியது. லேப்பில் இரண்டு பேர் பெயர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பரிசோதனை மெஷின்கள் முடிவுகளை அனுப்பிக்கொண்டே இருந்தன. நகல் எடுக்கும் வேகத்தைவிட மாறும் வேகம் அதிகம். லேப்பின் ஓட்டத்தை இங்கிருந்தே மெதுவாக்கும் வழி ஒன்று இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால் பரிசோதனை மெஷின்கள் பொறுக்காமல் முடிவுகளைக் கீழே போட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். சாகிரா இரண்டு நிமிஷம் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"அக்கா, நான் சாகிரா. என் பக்கம்தான் தப்பு. உங்களை வேற மெஷினுக்கு மாத்துறேன். ஆனா நீங்க எழுதிக்கிட்டே இருக்கிறதால மாற முடியல. அஞ்சு நிமிஷம் யாரும் எதையும் தொடாதீங்க. மெஷினுல புதுசா எதுவும் வைக்க வேணாம். எல்லாரும் போயி டீ குடிங்க."

"டீயா? வெறும் வயித்துல வந்தவங்களுக்கு டீயைக் குடுத்துட்டு அப்பறம் சுகரு பாக்கச் சொல்றியா?"

"அவங்க இல்லக்கா, உங்க ஆளுங்க."

அந்தப் பக்கம் சிந்தாமணி லேப்பைப் பார்த்துக் கத்தியது கேட்டது. "ஏய் புள்ளைங்களா, கையை எடுங்க. எல்லாரும் வெளிய வாங்க. டீ குடிக்கப் போறோம். ஆமாங்கய்யா, நீங்க பட்டினிதான், நாங்க டீதான். திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க, இந்தப் புள்ளைங்கள வுட்டுடுங்க."

எண் இறங்கியது. நானூறு, நூற்றைம்பது, நாற்பது, ஆறு. அங்கே நின்றது போலத் தெரிந்தது. பிறகு திரையில் லேப்பின் பெயர் நாலாம் மெஷினின் கீழிருந்து மறைந்து ஒன்பதாம் மெஷினின் கீழே வந்து உட்கார்ந்தது. மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. நாலாம் மெஷினின் கோடு மளமளவென்று சரிந்தது.

"ஆச்சுக்கா. லேபிளு போடுங்க."

"இரு, டீயில பாதிதான் குடிச்சிருக்கேன்" என்றார் சிந்தாமணி.

மதியம் கண்ணையன் பார்த்தபோது அவர் வைத்த டீ வைத்த இடத்திலேயே ஆடை கட்டிக் கிடந்தது. எடுத்துப் போய் வாஷ்பேசினில் ஊற்றினார். ஒயரைக் கட்டிவைத்ததில் கோபமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அவள் சாப்பாட்டு டப்பாவும் வெளியே வரவில்லை.

மூன்று மணிக்கு அவள் அந்த இருபத்தோரு தாளையும் மறுபடி தரையில் பரப்பினாள். எங்கே தப்பினோம் என்று எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்களில் தப்பு இல்லை. ஏசி காற்றில் இரண்டு தாள் பறந்து அலமாரிக்கு அடியில் போனது. கண்ணையன் குனிந்து எடுத்தார். ஒன்றைப் பின்பக்கமாகவும் இன்னொன்றைத் தெரியாமல் முன்பக்கமாகவும் வைத்தார். முன்பக்கத்தில் எல்லாத் தினசரி காலண்டரிலும் இருப்பதுதான் இருந்தது. மாசி, கிழமை, ராகு காலம், எமகண்டம். கீழே சின்ன எழுத்தில் ரமலான் 12.

சாகிரா அதையே பார்த்தாள். அடுத்த தாளைத் திருப்பினாள். ரமலான் 13. அதற்கடுத்தது. ஒன்றையும் விடாமல் இருபத்தொன்றையும் திருப்பிவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நோம்பு மாசத்துல எங்க ஊரு பகல்ல கண்ண மூடிக்கும், ராத்திரிதான் கடைத்தெருவுல கூட்டம். இது எனக்குத் தெரியாதாண்ணே? தராவீஹ் தொழுகை முடிஞ்சு சாகுல் ஹமீது மாமா ஜவுளிக்கடையில நானே மர்வாவுக்குப் பெருநாளு உடுப்பு எடுத்தேன். ராத்திரி பதினொண்ணு. கூட்டத்துல காலை மிதிச்சுட்டாங்க. மறுநாளு இங்க வந்து, கடை ராத்திரி ஓடுதுன்னு என்னமோ புதுசாக் கண்டுபுடிச்ச மாதிரி எழுதியிருக்கேன்."

"நான் மட்டும்? ஒரு மாசம் டீ கிளாஸத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஏறி எறங்குனவன், நோம்புன்னு தெரியாமயா ஏறுனேன்? எனக்கும்தான் தோணல."

"இருபத்தோரு நாளும் ஒரே மாதிரி இருக்கவும் நம்பிட்டேண்ணே."

நாலு மணிக்கு முத்தமிழ்செல்வன் வந்தார். சிந்தாமணி அவரிடம் பேசியிருந்தார். தரையில் கிடந்த தாள்களை மிதிக்காமல் ஓரமாக நின்றார்.

"ஏழா, எட்டா?"

"இன்னிக்கு எட்டு ஓடுது சார். என் தப்பு. நோம்பு மாசத்தை வச்சுக் கணக்குப் போட்டுட்டேன். பங்குனி முடியறதுக்குள்ள ஏழாக்கிடுறேன்."

"அதே கணக்கை வச்சா?"

"இல்ல சார். இந்தத் தடவை முன்பக்கத்தையும் பாத்து."

அவர் குனிந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். "சிந்தாமணியக்கா போயிடுறேன்னு சொல்லல. இன்னொரு தடவை இப்படின்னா சொல்லாமப் போயிடுவேன்னு சொன்னாங்க. சித்திரை ஒண்ணு. அன்னிக்கு வந்து எண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த நாள் சாகிரா தள்ளிவைத்திருந்த பழைய கட்டுகளை எடுத்தாள். கண்ணையன் தூசி தட்டிக் கொடுத்தார். இந்த முறை தாளின் முன்பக்கத்தை முதலில் படித்தார்கள். தேர்வு மாதம். கோடை விடுமுறை. நோம்பு. ஆடித் தள்ளுபடி. மார்கழியில் கரும்பு அரவை தொடங்கியதும் ஆலையின் எண்கள் ஏறி, பங்குனியில் அரவை முடிந்ததும் தொப்பென்று விழுந்து, அடுத்த மார்கழி வரை தரையிலேயே கிடந்தன. புதிய மூன்று கடைகளின் எண்கள் அதில் இல்லை. ஆனால் அந்தக் கடைகளுக்கும் அதே நோம்பு, அதே பெருநாள் என்பதால் அதைப் பக்கத்துக் கடையை வைத்தே போட்டுக்கொண்டாள்.

கண்ணையன் ஆலையின் வரிசையில் விரலை வைத்தார். "இந்த வூட்டுக்காரன் எட்டு மாசத்துக்கு வெளியூரு போயிடுறான்."

"அந்த வூட்டுலதான் கடையெல்லாம் இருக்கப் போவுது. திரும்பி வந்தா வேற எடம் பாக்கணும்."

"வருஷத்துக்கு ஒரு தடவை வூடு மாத்துறதுக்கே என் பொண்டாட்டி அழுவா."

"இதுங்க அழாதுண்ணே. அழுவுறதுக்குள்ள மாத்திடலாம்."

யாருக்கும் நிரந்தர வீடு கிடையாது என்பதுதான் அவள் செய்த புது ஏற்பாடு. ஒரு பெரிய வெள்ளைத்தாளில் பன்னிரண்டு மாதங்களைக் கட்டம் போட்டு, எந்த மாதம் எந்தக் குடித்தனம் எங்கே என்று எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். நோம்பு வருஷத்துக்கு வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் என்பதால் அதை மட்டும் பென்சிலில் எழுதினாள்.

அரவை பங்குனி இருபத்துநாலில் முடிந்தது. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, எல்லாரும் விழித்திருக்கும் நேரத்தில், ஒன்பது கடைகளும் ஆலை இருந்த மெஷினுக்கு மாறின. சாகுல் ஹமீது கடையில் யாரோ இரண்டு கைலிக்கு பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். லேப் ஒன்பதாம் மெஷினிலிருந்து நாலுக்குத் திரும்பியது. இந்த முறை சிந்தாமணியிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் வழக்கமாக டீ குடிக்கும் பதினொன்றரையைக் கேட்டு வாங்கியிருந்தாள். கண்ணையன் ஒன்பதாம் மெஷினை அணைத்தார். ஒயரைச் சுருட்டி வைத்தார். கட்டவில்லை.

சித்திரை ஒன்றாம் தேதி முத்தமிழ்செல்வன் சொன்னபடி வந்து எண்ணினார். ஏழு. அறை மூடப்படவில்லை. கத்திரி வெயிலின் உச்சத்தில், டைல்ஸ் கடைக்காரர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாளில், மேலே அறையின் சூடு இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

வைகாசியில் ஒரு நாள் மர்ஜியா கண் பார்க்கப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பேத்தியைக் கூட்டிக்கொண்டு மாடியேறினார். சாகிரா உள்ளே போனில் இருந்தாள். மர்வா கண்ணாடி வழியாக விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. கண்ணையன் நாற்காலி போட்டு, டீ வாங்கி வந்து கொடுத்தார். பேச்சுக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

"உங்க பொண்ணுக்குக் கோவம் வந்துச்சுன்னா நான் வாங்கியாற டீயைக் கூடத் தொடாதுங்க. ஒரு நாளு அப்படித்தான், பெரிய பிரச்சனை ஒண்ணு. பக்கத்துலயே வச்சேன். மதியம் வரைக்கும் திரும்பிக் கூடப் பாக்கல. ஊரையெல்லாம் டீ குடிக்கச் சொல்லுது, அது மட்டும் குடிக்கல."

"அது என்னிக்குத் தம்பி?"

"பெருநாளு முடிஞ்சு வந்த புதன்கிழமை."

மர்ஜியா விரலை மடக்கி எண்ணினார். "கோவமெல்லாம் இல்லப்பா. பெருநாளைக்கு மறுநாளுலேருந்து ஆறு நோம்பு வைப்போம், சாகிராவும் வச்சிருந்துச்சு. புதன்கிழமை அது நாலாவது நோம்பு."

அன்று விடிகாலை ஐந்து மணிக்கு மேல் சாகிரா தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.